பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

செப்டம்பர் 2, திங்கள்

அட்டையில் ‘பாடக்குறிப்பு, பத்தாம் வகுப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவி மலர் அறிவியல் டீச்சர், நான் தமிழ். என் பாடக்குறிப்பை இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே இங்கே தைரியமாக எழுதலாம்.

விஷயம் இவ்வளவுதான். என் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. நேரே பார்ப்பது போய்விடும், ஓரம் மட்டும் மிஞ்சும் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். “ஒரு வருஷம் இருக்கலாம் சார், ஆறு மாசமும் இருக்கலாம்” என்றார். வீட்டுக்கு வந்து மலரிடம் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

இப்போது மலருக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்திருக்கிறது. கூடலூர். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு இரவு முழுக்கப் பயணம். போகிறாளா, வேண்டாம் என்று ‘உரிமை விடல்’ கடிதம் கொடுக்கிறாளா என்பதை இருபத்தேழாம் தேதி மாலைக்குள் கல்வி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். உரிமை விட்டால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் பெயர் வராது. அவளுக்கு வயது ஐம்பத்தேழு. ஏற்கெனவே ஒரு தடவை, என் அம்மா படுக்கையில் கிடந்தபோது, உரிமை விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் உதவி ஆசிரியையாகவே ஓய்வு பெற வேண்டியதுதான்.

என் கண் விஷயம் தெரிந்தால் போக மாட்டாள். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் அவளுக்குத் தெரிவதற்குள் கணினி எனக்கு வாசித்துக் காட்டப் பழகிவிட வேண்டும். பழகியபின், “இதோ பார், நான் சமாளித்துக்கொள்வேன், நீ கிளம்பு” என்று சொல்லிவிடலாம். இருபத்தைந்து நாள் இருக்கிறது. தாராளம்.

செப்டம்பர் 4, புதன்

நாலரைக்கு நான் வந்துவிடுவேன். மலர் வர ஆறாகும். இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் ராஜ்யம்.

இஸ்ரவேல் வந்தான். பார்வையற்றோர் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கிறான். பிறவியிலேயே பார்வை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “சார், ஃபேன் பேரிங் போயிட்டு, மாத்துங்க” என்றான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. பழைய கணினியைத் துடைத்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் ஒரு இயங்குதளத்தை ஏற்றினான். திரையில் உள்ளதை வாசிக்கும் நிரல் அதிலேயே இருக்கிறது. ஆங்கிலம் கடகடவென்று வாசித்தது. தமிழ் வந்தால் ஊமையாகிவிட்டது.

“தமிழ்க் குரலு உள்ளதான் இருக்கு சார். எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல. நீங்க பாஸ்வேர்டு அடிச்சு உள்ள நுழையும்போதே அது ஒரு ஃபைல வாசிக்கும். அதுல ஒத்த வரி எழுதிட்டாப் போதும்” என்றான். அந்த வரியைத் தாளில் எழுதிக்கொண்டேன். கோப்பின் பெயர் புரொபைல். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த கோப்புகள் பட்டியலில் தெரியாது, மறைந்திருக்கும் என்றான்.

தமிழில் புள்ளி வைத்தால் எழுத்து பாதி மாத்திரையாகும். இவர்கள் ஊரில் புள்ளி வைத்தால் ஆளே காணாமல் போய்விடுகிறான். நல்ல இலக்கணம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஒரு சால்வை, ஒரு ரோஜா, இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல். பொங்கலை மலரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

வரியை எழுதினேன். கணினியை அணைத்துப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது, அடித்தேன். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி கடவுச்சொல் கேட்டது. தப்பாக அடித்தால் தப்பு என்று சொல்லும். இது சொல்லவில்லை. வாங்க என்று கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்துகிறது. பதினோரு தடவை அடித்தேன். சனியன்.

மலர் வருகிற சத்தம் கேட்டு சுவிட்சை அணைத்தேன். “என்னங்க, வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கீங்க?” என்றாள். இலக்கண வினாவங்கி அடிக்கிறேன் என்றேன். “வினாவங்கிக்கு இம்புட்டு வேர்வையா!” என்று சிரித்தாள். 

செப்டம்பர் 9, திங்கள்

இஸ்ரவேல் போனில் வழி சொன்னான். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படமெல்லாம் போய்க் கறுப்புத் திரை வருகிறது. பொடிப்பொடி வெள்ளை எழுத்து. எழுத்தைச் சின்னதாக வைப்பதில் இவர்களுக்கு என்ன லாபமோ தெரியவில்லை. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்தேன். அங்கே உள்ளே விட்டது. விட்டவுடன் ஒரு புகாரும் சொன்னது.

“என்ன சொல்லுது? வாசிங்க சார்.”

வாசித்தேன். மேற்கோள் குறியைத் திறந்தவர் மூடவில்லையாம். இருபத்தெட்டு வருஷமாக நிறுத்தக்குறி நடத்துகிற என்னிடம் சொல்கிறது. ஒரு குறி மூடாததற்கு ஆளையே உள்ளே விடாமல் வைத்திருக்கிறதே, இதை எங்கள் பள்ளியில் தேர்வு மேற்பார்வைக்குப் போடலாம்.

“அதுக்குள்ள தேடித் திருத்துறது கஷ்டம் சார். பழசப் பேரு மாத்தி ஓரமா வச்சிட்டு, புதுசா அதே பேர்ல ஒண்ணு எழுதிருவோம்” என்றான். அவன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். இந்தத் தடவை மேற்கோள் குறியை விரலால் தடவிப் பார்த்து மூடினேன். வெளியே வந்து கடவுச்சொல் அடித்ததும் உள்ளே போய்விட்டது. எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

தமிழ்க் குரல் மட்டும் வரவில்லை. நாளைக்கு வரும்.

செப்டம்பர் 11, புதன்

வரவில்லை. கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறந்து பார்த்தேன், அதிலும் இல்லை. இஸ்ரவேலைக் கேட்டால், “அது நுழையுற ஷெல் இல்ல சார், சும்மா ஷெல். அது அந்த ஃபைல வாசிக்காது” என்கிறான். நாம் அடிக்கும் கட்டளையைக் கேட்டு நடத்துகிற ஆளுக்கு ஷெல் என்று பெயராம். அதில் இரண்டு சாதி. கடவுச்சொல் கொடுத்து வாசல் வழியாக வந்தால்தான் அவர் அந்தக் கோப்பை வாசிப்பார். ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்துகொண்டு இன்னொரு அறைக் கதவைத் திறந்தால் வாசிக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு தடவையும் வெளியே போய், மறுபடி உள்ளே வா. இன்று ஒன்பது தடவை போய் வந்தேன்.

மலர் இப்போதெல்லாம் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறாள். என்ன புதுப் பழக்கம் என்றேன். “ஹெச்.எம். ஆனா அசெம்பிளில பேசணும்லா? தொண்டையப் பழக்குதேன்” என்றாள். அப்படியானால் போக முடிவெடுத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம். சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

மாதத் தேர்வுத் தாள்களைக் கொடுத்தேன். தலைமையாசிரியர் புரட்டிவிட்டு, “என்ன தங்கையா சார், ரெண்டு செவப்புப் பேனாலயா திருத்துதீங்க? ஒண்ணு கொஞ்சம் வெளிறிப் போயிருக்கே” என்றார். ஒரு பேனாவில் மை தீர்ந்திருக்கும், வேறு எடுத்திருப்பேன் என்றேன். “ஒற்றுப்பிழைய மட்டும் அந்த வெளிறின பேனாவுல சுழிச்சிருக்கீங்க, அதான் கேட்டேன்” என்றார்.

மனிதருக்கு வேலை இல்லை. எந்தப் பிழையை எந்தப் பேனாவில் திருத்தினேன் என்று யார் நினைவில் வைத்துக்கொள்வது? என் பையில் ஒரு சிவப்புப் பேனாதான் இருக்கிறது. இன்னொன்றைத் தொலைத்திருப்பேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கேஸ் வந்தது. ரேஷனில் பருப்பு இல்லை.

இஸ்ரவேல் இன்று வேறொரு சந்தேகம் கிளப்பினான். அதே மாதிரி வேலை செய்கிற வேறு இரண்டு கோப்புகள் உண்டாம். அவற்றில் எது முதலில் இருக்கிறதோ அதை மட்டும் கறுப்புத் திரையில் வாசித்துவிட்டு, நம் புரொபைலைத் திரும்பியும் பார்க்காதாம். முந்திக்கொண்டவனுக்குத்தான் மரியாதை. “அப்படி ஏதும் கெடக்கான்னு பாருங்க சார். எல், எஸ், ஒரு இடம் விட்டுக் கழித்தல் குறி, ஏ. அப்படி அடிச்சா மறைஞ்சதெல்லாம் வரும்.” வந்தது. வாசித்துக் காட்டினேன். வேறு கோப்பு எதுவும் இல்லை.

“டாட் புரொபைல் இருக்குல்லா?”

“இருக்கு.”

“அதுக்குள்ள உள்ளத வாசிங்க.” வாசித்தேன். ஒரு எழுத்துப் பிசகாமல் சரி என்றான். எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் பேச மாட்டேன் என்கிறது? “எனக்கே மண்ட காயுது சார்” என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

பேசவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

பேசவில்லை. மின்சாரம் வேறு இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சமாதானபுரம் பஸ் என்று நினைத்து ஏறினேன். டவுனுக்குப் போய்விட்டது. போர்டை எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதுவதில்லை. வீட்டுக்கு வர ஏழாகிவிட்டது. மலர் வாசலில் நின்றாள். “எங்க போனீங்க?” என்று மட்டும் கேட்டாள். புத்தகக் கடை என்றேன். கையில் புத்தகம் இல்லை. அவள் அதைக் கேட்கவில்லை.

சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன். “கூடலூர்ல குளிரும். ஸ்வெட்டர் எடுக்கணும்லா?”

“எடுக்கலாம், இப்ப என்ன அவசரம்” என்றாள். 

“இன்னும் ஒரு வாரம்தான இருக்கு மலரு.”

“ஆமா, ஒரு வாரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, என் தட்டில் பொரியல் எங்கே இருக்கிறது, ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று சொன்னாள். எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். பிறகு வருத்தமாக இருந்தது. ஊறுகாயைத்தான் பொரியல் என்று கை நிறைய எடுத்திருந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

இன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

கறுப்புத் திரையில் எல், எஸ் அடித்து, பட்டியலை இஸ்ரவேலுக்கு வாசித்துக் காட்டினேன். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வினாவங்கி, புரொபைல் என்று வரிசையாக.

“சார், கொஞ்சம் நில்லுங்க. கழித்தல் குறியும் ஏயும் போட்டீங்களா?”

“இல்ல, மறந்துட்டேன். வெறும் எல் எஸ்தான்.”

“அப்போ புரொபைல் வரக் கூடாதே.”

“வந்திருக்கே.”

“பேருக்கு முன்னால என்ன இருக்கு?”

“புள்ளி.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்.”

“புள்ளிதான்வே! எத்தன தடவ சொல்ல?”

“சார், புள்ளி இருந்தா அது மறைஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியுதுன்னா அங்க புள்ளி இல்ல. பக்கத்துக் கீ கமா. நீங்க அன்னைக்குக் கமாவ அடிச்சிருக்கீங்க. ரெண்டு வாரமா நாம திருத்துறது வேற ஏதோ ஒரு ஃபைலு. கம்ப்யூட்டர் அதச் சீந்தவே இல்ல.”

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஏதோ இருந்தது. அது புள்ளியா, காற்புள்ளியா, திரையில் ஒட்டிய தூசியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. விரலால் துடைத்தேன். போகவில்லை, ஆகவே தூசி இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

“சார், ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. இத்தன நாளும் எனக்கு வாசிச்சுக் காட்டுனீங்களே, அது பாத்து வாசிச்சதா, மனப்பாடமா?”

போனை வைத்துவிட்டேன். பார்வை இல்லாதவன் என் பார்வையைப் பற்றிக் கேட்கிறான். டீ போட்டுக் குடித்தேன். அரை மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். அவன் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. பெயர் மாற்றும் கட்டளையைச் சொன்னான். “முதல் எழுத்து என்னன்னு நிச்சயமாத் தெரியாட்டி அந்த எடத்துல கேள்விக்குறி போட்டாப் போதும் சார், அது புரிஞ்சுக்கிடும்” என்றான். போட்டேன். புரிந்துகொண்டது. மறுபடி எல், எஸ் அடித்தேன். புரொபைல் பட்டியலில் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

கடவுச்சொல்லை அடித்துவிட்டுக் காத்திருந்தேன். “திரை படிப்பான் இயங்குகிறது” என்றது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரல். ஆனால் தமிழ். நான் ஒன்றுமே செய்யாமல் தானாகப் பேசியது. எழுந்து நின்று கைதட்டினேன், கிறுக்கன் மாதிரி.

பிறகு, இந்த மாதம் நான் அடித்த வினாவங்கியைத் திறந்து வாசிக்கச் சொன்னேன்.

உயர் கலவி என்று வாசித்தது. கல்வி என்றுதான் அடித்திருந்தேன். ‘கட்டுரை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கடடுரை’ என்றது. இப்படி நிறைய எழுத்துகள் புள்ளி இல்லாமல் வந்துகொண்டே இருந்தன. முதல் இரண்டு நிமிடம் சிரித்தேன். புள்ளி விசைதான் பழுது என்று நினைத்து அழுத்திப் பார்த்தேன். டக்கென்று நன்றாகவே வேலை செய்தது. ஒரு பக்கத்தில் முப்பத்தொரு பிழை. ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்படி எழுதினால் அப்பாவைக் கூட்டி வரச் சொல்வேன்.

டாக்டர் ஆறு மாதம் என்றார். ஆறு மாதம் இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 25, புதன்

கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் அது சொல்லச் சொல்லத் திருத்தினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம். மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது. மின்சாரக் கட்டண அறிவிப்பை வாசித்தது. இஸ்ரவேல் அனுப்பிய கடிதத்தை வாசித்தது. மெஸ்ஸில் பேசி மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தேன். மாத்திரைக்குத் தடவிப் பார்த்தால் தெரிகிற மாதிரி டப்பா வாங்கினேன். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். எல்லாம் ஆயிற்று. மலரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

செப்டம்பர் 26, வியாழன்

சொல்லவில்லை. தலைவலி என்றாள். நாளைக் காலை சொல்லிவிடுவேன். அலுவலகம் மாலை ஐந்தே முக்கால் வரை இருக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

மலர் விடுப்பு போட்டிருந்தாள். நானும் பள்ளிக்குப் போகவில்லை. பத்து மணிக்குக் கஞ்சி போட்ட சேலை சரசரக்க வந்து நின்றாள். நான் கணினியைப் போட்டு, சொல்ல வேண்டியதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். “உரிமை விடல் எழுதிட்டேன். பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்க வாத்தியாரே.”

தாள் வெள்ளையாக இருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. ஒரு விண்ணப்பத்தை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் தலையை இடமும் வலமும் அசைத்தேன்.

“பிழை ஒண்ணும் இல்ல” என்றேன்.

“பதவி உயர்வுப் பட்டியல்னு வருதுல்லா, அதுல ‘ப்’ போட்டிருக்கனா?”

“போட்டிருக்கே.”

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை மேசையில் வைத்தாள். பேனா ஒரு எழுத்து எழுதுகிற சத்தம் கேட்டது. அதன் மேல் ஒரு புள்ளி வைக்கிற சத்தமும் கேட்டது.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“ஜூலைல” என்றாள். “மாசத் தேர்வுத் தாளுல மார்க்கு கூட்டிப் பாக்கலாம்னு எடுத்தேன். பிள்ளைங்க புள்ளி விட்ட எடம் ஒண்ணுகூட நீங்க சுழிக்கல.” அதற்குப் பிறகு ஒவ்வொரு தாள்கட்டையும் நான் குளிக்கப் போகும்போது எடுத்துச் சுழித்திருக்கிறாள். 

“கம்ப்யூட்டர் இப்ப வாசிக்கு மலரு.”

“தெரியும். செவ்வாக்கெழம சீக்கிரம் வந்துட்டேன், வாசல்ல நின்னு கேட்டேன். நல்லாத்தான் வாசிக்கு.”

இதுதான் நான் சொல்ல வேண்டிய நேரம். சாப்பாடு, மாத்திரை டப்பா, ஓய்வு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தேன். தாளை வாங்கிக் கிழித்திருக்கலாம். அவள் காத்துக்கொண்டு நின்றாள். நான் கிழிப்பேன் என்றுதான் நின்றாள் என்று நினைக்கிறேன். வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாய் வந்தது. அவள் போகவில்லை என்று கேட்டவுடன் என் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இருபத்தைந்து நாள் எதற்காக மல்லுக்கட்டினேனோ அது தோற்றுப் போனதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நிம்மதிதான்.

“பஸ் நேரமாச்சுல்லா” என்றேன்.

“ஆமா” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு இஸ்ரவேல் கூப்பிட்டான். “மேடத்துட்ட சொல்லிட்டீங்களா சார்? கெளம்பச் சொல்லிட்டீங்களா?” சொல்லிவிட்டேன் என்றேன். போன் கையிலேயே இருந்தது. மலரின் எண்ணை எனக்குப் பார்க்காமலே அழுத்தத் தெரியும். நாலு மணி அடித்தது. ஐந்து அடித்தது. ஐந்தே முக்காலும் ஆகிவிட்டது.

ஆறரைக்கு வந்தாள். “குடுத்தாச்சு” என்றாள். “காப்பி போடட்டா?”

போடு என்றேன்.